கேட்காத கையெழுத்து

எங்கள் ஊரில் அந்த முகமையை யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. மிக்ரா, அவ்வளவுதான். வாஷிங்டன் காகிதங்களில் அதற்கு நீளமான பெயரும் முத்திரையும் உண்டு. எங்களுக்கு அது கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டி, முகத்தை மூடிய ஆட்கள், குடியேற்றக் காகிதம் இல்லாதவர்களைப் பிடித்துக்கொண்டு போகும் வேலை. அந்த முகமையையே கலைத்துவிட வேண்டும் என்று ஓல்மோஸ் நகரசபையில் தீர்மானம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியபோது பாதி ஊர் சிரித்தது. கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் பதினோராயிரம் பேர் இருக்கிற ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டம், நடுவில் ஆரஞ்சுப் பழம் பிரித்துக் கட்டும் இரண்டு கொட்டகை. நம்மைக் கேட்டுக்கொண்டுதான் வாஷிங்டன் கடையைச் சாத்தப்போகிறதாக்கும் என்று கேலி பேசினார்கள்.

அம்பாரோ சிரிக்கவில்லை. அந்தத் தீர்மானத்துக்கு இரண்டாவது பகுதி ஒன்று இருந்தது. ஊர்க்கோடியில் ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் தனியார் சிறையை மிக்ராவின் தடுப்பு முகாமாகத் திறக்க ஒரு கம்பெனி நகரசபையிடம் அனுமதி கேட்டிருந்தது. அதைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் இரண்டாவது பகுதி. கலைக்கச் சொல்லி நாம் எழுதும் கடிதத்தை வாஷிங்டன் குப்பையில் போட்டாலும் போடட்டும். இந்தப் பூட்டின் சாவி ஊர்க்காரர்கள் கையில் இருந்தது.

அவளுடைய கணவன் எலிசேயோ தோட்டத்தில் கொடி கத்தரிக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. தினமும் விடியற்காலையில் அந்தச் சிறையை ஒட்டிய சாலையில்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போவான். அம்பாரோவுக்கு மகள் மூலமாக நிரந்தரமாகத் தங்கப் பச்சை அட்டை கிடைத்துவிட்டது. எலிசேயோவுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அவன் ஒருமுறை பிடிபட்டு மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி எல்லை தாண்டி வந்தவன். அப்படி வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. இன்னொரு முறை வெளியே போனால் திரும்பி வருவது என்ற பேச்சே இல்லை.

முகாம் செய்தி வந்த அன்று அவன் சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அது திறந்தால் தான் இங்கே இருக்கப்போவதில்லை என்றான். அவர்கள் வந்து கதவைத் தட்டும்வரை கோழி மாதிரிக் காத்துக்கொண்டிருக்க மாட்டேன், நானே சொந்த மாநிலமான மிச்சோவாகானுக்குப் போய்விடுவேன் என்றான். அவன் அதிகம் பேசாதவன். பேசினால் சொன்னபடி செய்கிறவன். அம்பாரோ மறுநாளே தீர்மானக் கமிட்டியில் போய்ச் சேர்ந்தாள்.

நாலு மாதம் அவள் நாயாய் உழைத்தாள். பகலெல்லாம் கொட்டகையில் ஆரஞ்சு தரம் பிரிக்கிற பெல்ட் முன்னால் நிற்பாள். சாயங்காலம் பனிமூட்டத்தில் வீடு வீடாகப் போவாள். மிக்ராவுக்குப் பயந்து யாரும் கதவைத் திறக்காத ஊரில், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தன் பெயரையும் தெருப்பெயரையும் உரக்கச் சொல்லிப் பேச வேண்டும். ஜன்னல் திரை அரை அங்குலம் விலகும். அதற்குப் பிறகுதான் மனிதக் குரல் கேட்கும். இப்படி அறுநூறு வீடு ஏறினாள். எலிசேயோ அவளுக்காக அடுப்பில் பீன்ஸைச் சூடாக வைத்துக் காத்திருப்பான். இன்றைக்கு எத்தனை வீடு என்று கேட்பான். நல்ல மனுஷன் என்று ஊரே சொன்னது.

நகரசபையில் ஐந்து பேர். மூன்று ஓட்டு கிடைத்தால் தீர்மானம் ஜெயித்துவிடும். இரண்டு பேர் கேட்கும் முன்பே சரி என்றுவிட்டார்கள். மேயர் முகத்துக்கு நேரே மாட்டேன் என்றார். மிச்சம் இரண்டு. ஒருவர் அசெவேதோ. போர்ச்சுகீசு வம்சம், பால்பண்ணைக்காரர், எதையும் உடனே சொல்லாத கிழவர். இன்னொருத்தி நெரெய்தா.

நெரெய்தா அம்பாரோவின் மகள் யரேலிக்கு ஞானத்தாய். இளவயதில் இருவரும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட அறைகளில் குடியிருந்து, ஒரே தோட்டத்தில் திராட்சை காயப்போட்டவர்கள். அடி, வாடி, போடி என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், கோயிலில் ஞானஸ்நானத் தண்ணீர் குழந்தையின் தலையில் விழுந்த மறுநிமிஷத்திலிருந்து ஒருவரையொருவர் கொமாத்ரே என்றும், நீங்கள், வாருங்கள் என்றும் அழைக்க ஆரம்பித்தார்கள். எங்களுடைய வழக்கம் அது. பிள்ளைக்கு ஞானத்தாய் ஆனவள் கூடப்பிறந்தவளுக்கும் மேலே. அவளிடம் கடன்பத்திரம் கேட்கக் கூடாது, சத்தியம் கேட்கக் கூடாது, ஒருமுறை சொன்னதை மறுமுறை கேட்கக் கூடாது. கேட்டால் உன்னை நம்பவில்லை என்று முகத்தில் அடித்தது போல. நெரெய்தா பிறகு படித்து, பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து, நகரசபைக்கும் வந்தாள். அவள் முதல் தடவை தேர்தலில் நின்றபோது அட்டை ஒட்டியது, வீடு ஏறியது எல்லாம் அம்பாரோதான்.

கமிட்டியை நடத்தியவள் சொகோரோ. கொட்டகையில் பெல்ட்டில் அம்பாரோவுக்குப் பக்கத்து இடம் அவளுடையது. வாய் நீளம், மனசு சுத்தம். அவள் தம்பிக்கும் காகிதம் இல்லை. அரசியல்வாதியின் பேச்சைக் கேட்டு இரண்டு முறை மோசம் போனவள் என்பதால் ஒரு சட்டம் போட்டிருந்தாள். தீர்மானத்துக்கு ஓட்டுப் போடுவேன் என்று அச்சடித்த அட்டையில் உறுப்பினரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து இல்லாத ஓட்டு ஓட்டே இல்லை. ஆளுக்கு ஒரு உறுப்பினரைப் பிரித்துக் கொடுத்தபோது நெரெய்தாவின் பெயர் யாரும் கேட்காமலே அம்பாரோ பக்கம் வந்து விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அம்பாரோ போனாள். நெரெய்தா சோளமும் பன்றிக்கறியும் போட்டுக் கொதிக்கவைத்த பொசோலே சூப்பைப் பெரிய கிண்ணத்தில் ஊற்றினாள். யரேலி ஃப்ரெஸ்னோவில் செவிலியர் படிப்பு முடிக்கப்போவது பற்றிப் பேசினார்கள். அம்பாரோ தீர்மானத்தைப் பற்றி ஆரம்பித்ததும் நெரெய்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொமாத்ரே, உங்க வீட்டு மேல ஒருத்தன் கை வைக்க நான் விட்டுடுவேனா?"

அம்பாரோவின் கண் கலங்கிவிட்டது. கை பைக்குள் போனது, அட்டையின் விளிம்பைத் தொட்டது, வெறுமனே வெளியே வந்தது. எப்படிக் கேட்பது? சாப்பிட்ட கிண்ணத்தின் பக்கத்தில் அட்டையை வைத்து, இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று கொமாத்ரேயிடம் சொல்வதா? நெரெய்தா சொன்னதை நிதானமாக யோசித்துப் பார்த்திருந்தால் அதில் ஓட்டு என்ற வார்த்தையே இல்லை என்பது தெரிந்திருக்கும். அம்பாரோ யோசிக்கவில்லை. யோசிப்பதே துரோகம் என்று வளர்ந்தவள்.

மறுநாள் சொகோரோ கேட்டபோது, கையெழுத்து ஆகிவிட்டது, அட்டை வீட்டில் மேஜை டிராயரில் இருக்கிறது என்றாள். பொய்தான். ஆனால் அது பொய் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. நெரெய்தாவின் பேச்சுக்கு மேல் ஒரு காகிதம் என்ன சொல்லிவிடப் போகிறது?

ஓட்டெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால் அசெவேதோ வாயைத் திறந்தார். அவர் பண்ணையில் மாடு கறப்பவர்கள் முக்கால்வாசி காகிதம் இல்லாதவர்கள். முகாம் வேண்டாம் என்பதில் அவருக்கும் சம்மதம். ஆனால் மிக்ராவைக் கலைக்கச் சொல்லும் முதல் பகுதியை எடுத்துவிட வேண்டுமாம். ஒரு அரசாங்க முகமையையே இல்லாமல் ஆக்கு என்று சொல்லும் தாளில் தன் பேர் வரக் கூடாது, அது வேறு வம்பு என்றார். அந்த ஒரு வார்த்தையை எடுத்தால் சிறைக்கு எதிராக ஓட்டுப் போடுகிறேன் என்று சொகோரோவின் அட்டையிலேயே எழுதிக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்.

அன்று சாயங்காலம் கோயில் கூடத்தில் கமிட்டி கூடியது. பாதிப் பேர் கொதித்தார்கள். கலைக்க வேண்டும் என்ற வார்த்தைதான் தீர்மானத்தின் முதுகெலும்பு, அதை எடுத்துவிட்டால் மிக்ரா பக்கத்து ஊரில் முகாம் திறக்கட்டும், நம் தெருவில் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சுவதாக ஆகும் என்றார்கள். மீதிப் பேர், முதலில் பூட்டைக் காப்பாற்றுவோம், முதுகெலும்பை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. சொகோரோவுக்கே மனசு ஊசலாடியது. கடைசியில் அவள் அம்பாரோ பக்கம் திரும்பினாள்.

"உன் கொமாத்ரே கார்டு கையில இருக்குல்ல? நல்லா யோசிச்சுச் சொல்லு. இருந்தா கிழவனுக்கு வளைய வேண்டியதில்ல."

"இருக்கு. மூணு ஓட்டு நம்மகிட்ட இருக்கறப்ப எதுக்கு ஒரு வார்த்தையை விட்டுக்கொடுக்கணும்?"

அவள் அதைச் சொன்ன தோரணையில் கூடமே கைதட்டியது. அசெவேதோவுக்கு முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். அம்பாரோ வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் எலிசேயோவிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே சாப்பிட்டான். அப்படியா, சரி என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு நகரசபை கூடியது. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். எலிசேயோ மாதிரி ஆட்கள் வரவில்லை. அரசாங்கக் கட்டடத்துக்குள் அவர்கள் காலடி வைப்பதில்லை. பேச விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிஷம். நாற்பது பேர் பேசினார்கள்.

நெரெய்தாவின் அண்ணன் ரிகோபெர்ட்டோ எழுந்தான். பழைய சிறையில் காவலனாக இருந்தவன். மிக்ரா நல்லது என்று தான் சொல்ல வரவில்லை, ஆனால் அந்தக் கட்டடம் பூட்டியதிலிருந்து தினம் தொண்ணூறு மைல் வண்டி ஓட்டி வேலைக்குப் போகிறேன், என் பிள்ளைகள் என்னைத் தூங்கும்போதுதான் பார்க்கிறார்கள் என்றான். இன்னொருவர், முகமையைக் கலைத்தால் அதே ஆட்கள் வேறு சட்டை மாட்டிக்கொண்டு வேறு பெயரில் வருவார்கள், பெயர்ப்பலகையோடு சண்டை போட்டு என்ன பயன் என்றார். ஒரு பள்ளி ஆசிரியை, தன் வகுப்பில் ஆறு நாற்காலி காலியாகக் கிடக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு மிச்ச நேரம் பேசாமலே நின்றாள்.

அம்பாரோவின் முறை வந்தது. எழுதி வைத்திருந்த காகிதத்தை அவள் பிரிக்கவே இல்லை.

"என் மகளுக்கு இருபத்திநாலு வயசு. இந்த முகமைக்கு அவளை விட ரெண்டு வயசு கம்மி. அது வர்றதுக்கு முன்னாடியும் இந்த நாடு இருந்துச்சு, எல்லை இருந்துச்சு, சட்டம் இருந்துச்சு. நேத்து மனுஷங்க உண்டாக்கினதை இன்னைக்கு மனுஷங்க கலைக்க முடியாதா? வாஷிங்டன்ல இருக்கறவங்க கேக்கலன்னா பரவால்ல. நீங்க அஞ்சு பேர் எங்களுக்குத் தெரிஞ்சவங்க. உங்களைத்தான் கேக்கறேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நெரெய்தா மேஜையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. சபையில் சொந்தம் காட்டக் கூடாது என்று பார்க்காமல் இருக்கிறாள் போலும் என்று அம்பாரோ தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

காரியதரிசி பெயர் பெயராகக் கூப்பிட்டாள். ஆம். ஆம். அசெவேதோ கொஞ்சம் யோசித்துவிட்டு இல்லை என்றார். மேயர் இல்லை. கடைசியில் நெரெய்தா.

"இல்லை."

அதற்குப் பிறகு அவள் காரணம் சொன்னாள். முகமையைச் சீர்திருத்த வேண்டும், கலைப்பது தீர்வு ஆகாது, முகாம் எப்படியும் எங்கேயாவது திறக்கத்தான் போகிறது, நம் ஊரில் திறந்தால் நாம் உள்ளே போய்க் கண்காணிக்கலாம், இருநூறு குடும்பத்துக்கு வேலையும் கிடைக்கும். தெளிவாகப் பேசினாள். எழுதி வைத்துப் படித்தாள். முந்தின நாளோ அதற்கு முந்தின வாரமோ உட்கார்ந்து, அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தது. தீர்மானம் தோற்றதால் தனி ஓட்டெடுப்புத் தேவைப்படவில்லை, அதே மேஜையில் வைத்து அடுத்த ஐந்து நிமிஷத்தில் கம்பெனிக்கு அனுமதியும் கொடுத்தார்கள். அம்பாரோவின் காதில் எதுவும் விழவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கூட்டத்தில் அத்தனை பேரும் நெரெய்தாவைப் பார்த்துக் கூச்சல் போட்டபோது, சொகோரோ ஒருத்தி மட்டும் அம்பாரோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பெல்ட் ஓட ஆரம்பிக்கும் முன்பே சொகோரோ கையை நீட்டினாள். அந்த அட்டையைக் கொடு, பத்திரிகைக்காரனிடம் கொடுத்து அவள் மானத்தை வாங்குகிறேன் என்றாள். அம்பாரோ கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றாள். அட்டை இல்லை என்றாள். கையெழுத்து வாங்கவில்லை, கேட்கவே இல்லை என்றாள்.

சொகோரோ கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவள் பழத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஒரு மணி நேரம் வேலை செய்தாள். பிறகு, பெல்ட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கிழவன் பேனாவைக் கையில எடுத்துட்டான், அம்பாரோ. நான்தான் வேணாம்னு சொல்லிட்டு வந்தேன். உன் வாயை நம்பி."

நெரெய்தா அவள் காலை வாரினாள் என்றால், அம்பாரோ ஊரின் காலை வாரியிருந்தாள். நல்ல பழத்தைக் கழிவில் தள்ளி, அழுகலை நல்லதில் விட்டு, இரண்டு தடவை சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள். வேலை முடிந்து போகும்போது சொகோரோ இன்னொன்றும் சொன்னாள். அடுத்த தேர்தலில் நெரெய்தா மாவட்டப் பதவிக்கு நிற்கிறாளாம், கம்பெனிக்காரர்கள் பின்னால் நிற்கிறார்களாம். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த சமாசாரமாம். கொமாத்ரேக்குத்தான் தெரியவில்லை.

மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது வாசலில் நெரெய்தாவின் கார் நின்றது. கையில் இனிப்பு ரொட்டிப் பொட்டலம். திருப்பி அனுப்ப அம்பாரோவுக்குக் கை வரவில்லை. உள்ளே கூப்பிட்டாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள். காபி மட்டும் போடவில்லை. எங்கள் வீடுகளில் அதுவே பெரிய ஏச்சு. நெரெய்தாவுக்கும் அது புரிந்தது.

அவள் நிறையப் பேசினாள். அண்ணனைப் பற்றி, ஊரில் மூடிய கடைகளைப் பற்றி, கண்காணிப்புக் குழுவில் தான்தான் இருக்கப்போவதைப் பற்றி. மாவட்டப் பதவியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அம்பாரோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எங்கிட்ட ஏன் சொல்லல என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீங்க கேக்கவே இல்லையே, கொமாத்ரே. அன்னைக்குப் பைக்குள்ள கையை விட்டீங்க, நான் பாத்தேன். கார்டை எடுத்து வைப்பீங்க, வச்சா மாட்டேன்னு சொல்லிடணும்னு மனசைத் திடப்படுத்திட்டு உக்காந்திருந்தேன். நீங்க வெறுங்கையை எடுத்துட்டீங்க. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

"கேட்டாதான் சொல்லுவீங்களா? பொசோலே ஊத்தறப்ப கேக்காமதானே ஊத்தினீங்க?"

நெரெய்தாவின் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்து அவள் சொன்னதைத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னாளா, இல்லை நிஜமாகவே அம்பாரோவுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாளா, எனக்குத் தெரியாது.

"நான் மறைக்கலையே. கொம்பாத்ரேகிட்ட, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே. உங்க முகத்தைப் பாத்துச் சொல்ல தைரியம் இல்லன்னுதான் அவர்கிட்ட சொன்னேன். இப்படி ஓட்டுப் போடப்போறேன், உங்களுக்காக வேணும்னா மறுபடி யோசிக்கட்டுமான்னு கேட்டேன். எனக்காக உங்க கையைக் கட்டிக்க வேணாம், நான் எப்படியும் போறவன்னு சொன்னாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

அம்பாரோ எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நெரெய்தா கொமாத்ரே, கொமாத்ரே என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். ரொட்டிப் பொட்டலம் மேஜையிலேயே இருந்தது. அம்பாரோ அதை எடுத்துக் குப்பையில் போட்டாள். உணவைக் குப்பையில் போட்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நாலு மணிக்கு எலிசேயோ வந்தான். சேறு அப்பிய பூட்ஸை வெளியே கழற்றினான், கை கழுவினான், துண்டை எடுத்தான். அவன் துடைத்து முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"நெரெய்தா வந்துட்டுப் போனாங்க."

துண்டு நின்றது. "சொல்லிட்டாங்களா?"

பொய் என்று அவன் சொல்லக் கூடாதா என்று அந்தக் கணம்வரை அவள் மனசு தவித்துக்கொண்டிருந்தது. அது அங்கேயே விழுந்து செத்தது.

எப்போது என்று கேட்டாள். மூன்று வாரம் இருக்கும், நெரெய்தா வீட்டுப் பந்தலில் திராட்சைக் கொடி கத்தரித்துக் கொடுக்கப் போன அன்றைக்கு என்றான். மூன்று வாரம். அசெவேதோ பேனாவை எடுத்தது ஒரு வாரத்துக்கு முன்னால். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து, கிழவரை எப்படித் திருப்பி அனுப்பினோம் என்று பெருமையாகச் சொன்னபோது இவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் சாப்பிட்டிருக்கிறான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று ராத்திரியே ஓடிப்போய்க் கிழவரின் காலில் விழுந்திருப்பாள்.

"அறுநூறு வீடு ஏறினேன் உனக்காக. தினமும் எத்தனை வீடுன்னு கேட்டியே, எந்த வாயால கேட்ட?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். பேச ஆரம்பித்தான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"இருபத்திரண்டு வருஷமா போர்டுல போட்டிருக்கற வேகத்துக்கு அஞ்சு மைல் கம்மியாத்தான் ஓட்டுறேன். ஒரு தடவைகூட வேகமா ஓட்டினதில்ல. பின்னால எந்த வண்டி வந்தாலும் கழுத்து விறைச்சுப் போகுது. எங்க அம்மாவைப் புதைச்சதை ஃபோன்ல பாத்தேன். களைச்சுப் போச்சு, அம்பாரோ. மிக்ராவைக் கலைச்சாலும் இந்தக் கழுத்து சரியாகாது. எனக்கு ஊருக்குப் போகணும். ரொம்ப நாளாவே போகணும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அழுவ. நீ அழுதா நான் போக மாட்டேன். அந்த முகாம் திறந்துட்டா, நீயே பயந்துபோய், போயிடு எலிசேயோன்னு சொல்லிடுவன்னு நெனச்சேன். நீ போகச் சொல்லிப் போனா, நான் உங்களை விட்டுட்டுப் போனவனா இருக்க மாட்டேன்ல."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அவன் களைப்பு அவளுக்குப் புரியாததா? அவன் கழுத்தில் தினமும் தைலம் தேய்த்தவள் அவள். வா, இரண்டு பேரும் யோசிப்போம் என்று ஒரு நாள் உட்கார வைத்துப் பேசியிருந்தால், அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், கடைசியில் சரி என்றும் சொல்லியிருப்பாள். கூடவே புறப்பட்டிருந்தாலும் இருப்பாள். அதற்கு அவன் இடமே கொடுக்கவில்லை. அவள் பயப்பட வேண்டும் என்பதற்காக ஒரு ஊரே பயப்படட்டும் என்று விட்டிருக்கிறான். இனிமேல் அந்தச் சாலையில் கறுப்புக் கண்ணாடி வண்டிகள் போகும், வரும். இவன் மிச்சோவாகானில் காற்று வாங்கிக்கொண்டிருப்பான். சொகோரோவின் தம்பி இங்கே இருப்பான். அசெவேதோவின் பண்ணையில் மாடு கறப்பவர்கள் இங்கே இருப்பார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து அவளிடம் பேசிய அந்த அறுநூறு குரல்களும் இங்கேதான் இருக்கும்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"நீ எதிர்பார்க்கற வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். போகாதேன்னும் சொல்ல மாட்டேன். போறதுன்னா நீயா போ. பயந்துபோய் இவதான் அனுப்பினான்னு ஒருத்தர் வாயிலயும் வரக் கூடாது."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். சரி என்றான்.

"சரின்னா பத்தாது. யரேலிகிட்ட சொல்லு. இப்பவே சொல்லு. மிக்ரா துரத்தலை, அம்மா அனுப்பலை, நானாத்தான் போறேன்னு சொல்லு."

தன் ஃபோனை எடுத்து மகளின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு மேஜையில் வைத்தாள். நாலு தடவை மணி அடித்தது. யரேலி ஆஸ்பத்திரி நடையில் எங்கோ நின்றுகொண்டு எடுத்தாள். பின்னால் தள்ளுவண்டிச் சக்கரங்களின் சத்தம் கேட்டது. தீர்மானம் தோற்றது அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மா, நீ நல்லாத்தான் பேசின, வீடியோல பாத்தேன் என்றாள். அப்பா பக்கத்துல இருக்காரா, பயப்படறாரா என்று கேட்டாள்.

எலிசேயோ உதவிக்கு வழக்கம்போல மனைவி முகத்தைப் பார்த்தான். மகளிடம் சொல்ல வேண்டிய கஷ்டமான விஷயங்களை இத்தனை வருடமும் அவள்தான் சொல்லிவந்தாள்.

"அப்பா? அப்பா, இருக்கீங்களா?"

அம்பாரோ எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டாள். அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் எழுந்திருப்பதாக இல்லை.